நடையை அளப்போர் கடமை

முதுமையில் கீழே விழுதலைச் சிறு நிகழ்ச்சியாகக் கருதுவோர் உளர். அது பிழையாகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் கூறியது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி.

நிலைதளர்வை அறிய மருத்துவர்கள் எளிய சோதனை ஒன்றைக் கையாளுகின்றனர். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரும் நேரத்தைக் கணக்கிடுவர். இச்சோதனை 1991இல் வெளியிடப்பெற்றது. முதியவர் ஒருவருக்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆயின் விழும் வாய்ப்புண்டு எனக் கொள்வது அமெரிக்காவில் வழக்கம்.

இன்று திறன்பேசியும் இப்பணியில் உதவுகின்றது. அதனுள் இருக்கும் முடுக்கமானி உடலின் அசைவை உணர்கின்றது. இடுப்பருகே பையில் இருக்கும் ஐபோன், நடையின் வேகம், அடியின் நீளம் முதலியவற்றைக் கொண்டு நடையின் உறுதியைக் கணிக்கும் வசதி 2021இல் வந்தது. உரியவர் இசைந்தால், தொலைவில் வாழும் மக்களும் அதனை அறியலாம்.

இங்குதான் அறவினா எழுகின்றது. தாயின் இசைவின்றி அவர் நடையைக் கண்காணித்தல் தகுமா? "நன்மைக்காகத்தானே" என்பர். ஆயினும் முதியோர் பலர் தாம் விழுந்ததை மறைப்பது ஏன்? "இனி வெளியே செல்லாதீர்கள்" என்னும் தடைக்கு அஞ்சியே அன்றோ? மறைவாக அறிந்து தடை விதித்தால் அவ்வச்சமே வளரும். நடவாதிருக்கும் கால்களோ மேலும் வலுவிழக்கும். காக்க எண்ணிய செயலே கேடாய் முடியும்.

நடை அவருடையது; அதனைப் பற்றிய செய்தியும் முதற்கண் அவருக்கே உரியது. ஆகவே, கேட்டுப் பெற்ற இசைவே முறையாகும். தெளிந்த அறிவுடைய அவர் மறுப்பின், மறுப்பை மதித்தல் வேண்டும். அஃது அவரைக் கைவிடுதல் ஆகாது. காரணத்தை எடுத்துரைத்து, பிறிதொரு நாள் மீண்டும் கேட்கலாம்.

மற்றொரு கடமையும் உண்டு. எழுந்தவுடன் வரும் தலைசுற்றல், உண்ணும் மருந்தின் விளைவு, மங்கிய பார்வை, ஈரத் தரை ஆகியவற்றை நடையின் அளவு மட்டும் காட்டாது. அவற்றை அருகிருந்து விசாரித்தறிதல் வேண்டும். குளியலறையில் கைப்பிடி அமைத்தல், இரவில் விளக்கெரித்தல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல், கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சிக்குத் துணைநிற்றல் ஆகியவை நாம் செய்ய வேண்டியவை. தளர்வை அறிந்தும் வாளாவிருப்போமாயின், அறியாதவரைவிட நாமே பெரிதும் குற்றமுடையோம்.

கருவி அளக்கும், கைகொடுத்தல் நம் கடமை.