பாலுக்கு விலை உண்டா?

மும்பையில் தாராவியை அடுத்த சயானில் உள்ளது லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. மக்கள் நாவில் அது சயான் மருத்துவமனை. 1989-ஆம் ஆண்டு டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் அங்கே ஒரு வங்கி தோன்றியது. பணம் புழங்காத வங்கி அது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. தம் குழந்தை குடித்தது போக மிஞ்சிய பாலைத் தாய்மார்கள் அங்கே அளிக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்து, பெற்றவளின் பால் கிட்டாத சிசுக்கள் அதனைப் பருகுகின்றன.

பசியாற்றுவது மட்டுமா பாலின் பணி? அலெக்ஸாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928-இல். அதற்கு முன்னரே, 1922-இல், உடலில் சுரக்கும் லைசோசைம் என்னும் பொருள் சில கிருமிகளைக் கரைத்துவிடுவதை அவர் அறிவித்திருந்தார். கண்ணீரில் உள்ள அப்பொருள் தாய்ப்பாலிலும் உண்டு. உடன் லாக்டோஃபெரின் என்னும் புரதமும் உண்டு. இதன் போர்முறை விந்தையானது. கிருமிகள் பெருக இரும்புச்சத்து வேண்டும். இப்புரதம் அந்த இரும்பைத் தன்னிடம் இறுகப் பற்றிக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போட்டுவிடுகிறது.

டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், பச்சிளங் குழந்தைகளைத் தாக்கிய கிருமிகள் பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் அடங்காதவை என்று தெரியவந்தது. எனவே, உயிர்கள் தமக்குள்ளேயே சுரக்கும் காப்புப் பொருள்களை மருந்தாக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் தேடுவது இயல்பே.

ஆனால் பாலிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தால் போதுமா? பிரிட்டனில் 2,203 குறைமாதக் குழந்தைகளை உட்படுத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. பசும்பாலிலிருந்து எடுத்த லாக்டோஃபெரினை ஊட்டியும் நோய்த்தொற்று குறையவில்லை. இதனால் அந்தத் தேடலே வீண் என்பது அவசர முடிவாகும். எனினும் பாலின் காவல் அதன் ஒரு கூற்றில் மட்டும் அடங்கியதன்று என்று எண்ண இடமிருக்கிறது.

இத்தனை அரிய பொருளை விற்றால் என்ன? தாய்ப்பாலையும் அதிலிருந்து செய்யும் பொருள்களையும் வணிகமாக விற்க அனுமதியில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 மே மாதத்தில் அறிவித்தது. ‘எல்லோரும் உழைப்புக்குக் கூலி பெறும்போது தாய் மட்டும் ஏன் பெறக்கூடாது?’ என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் வறிய வீட்டில் பாலுக்கு விலை வந்துவிட்டால், முதலில் பட்டினி கிடப்பது அவள் மடியிலுள்ள குழந்தையாகத்தான் இருக்கும். அதற்காக அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. விலை வேண்டாம் என்று சொல்பவர்கள், அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள்.

வங்கிப் பாலும் குறையற்றதன்று. கிருமி நீக்குவதற்காக அதனை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது வழக்கம். அந்தச் சூட்டில் லைசோசைம், லாக்டோஃபெரின் ஆகியவற்றின் ஆற்றலிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவேதான் பெற்றவளுக்குப் பால் சுரக்கச் செய்யவே மருத்துவர்கள் முதலில் முயல்கிறார்கள். அது சுரக்கும் வரையில், முகமறியாத மற்றொருத்தியின் பால் அந்தச் சிசுவுக்கு உணவாகிறது.