மன்னிக்கும் பிரவுசர்கள்

என் ஊருக்கு எழுத்தில் இரண்டு பெயர் உண்டு. பேச்சிலும் பஸ் பலகையிலும் பூந்தமல்லி. அரசாங்கக் காகிதங்களில் பெரும்பாலும் பூவிருந்தவல்லி. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாவதாக ஒன்று வரும், வெளியூர்க்காரர்கள் அதை 'பூனமல்லி' என்று வாசிப்பார்கள். கோயம்பேட்டில் ஏறி மூன்றில் எதைச் சொன்னாலும் கண்டக்டர் ஒரே டிக்கெட்டைத்தான் கொடுப்பார். தவறாகச் சொன்னவரை அவர் திருத்துவதில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பிரவுசர்களும் இந்தக் கண்டக்டரைப் போலத்தான் வளர்ந்தன. ஹெச்டிஎம்எல்லில் ஒரு குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால் பிரவுசர் தானே மூடிக்கொள்ளும். மேற்கோள் குறி விட்டுப்போனால் ஊகித்துக்கொள்ளும். இதற்குப் பின்னால் ஒரு பழைய நெறி இருக்கிறது. இணையத்தின் அடித்தள விதிகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல், 1980-ல் டிசிபி என்ற தகவல் பரிமாற்ற விதிக்கான ஆவணத்தில் அதை எழுதிவைத்தார்: நீ அனுப்புவதில் கறாராக இரு, மற்றவர் அனுப்புவதைப் பெற்றுக்கொள்வதில் தாராளமாக இரு. படித்த காலத்தில் எனக்கு இது கணினித்துறை விதியாகவே தோன்றவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி மாதிரி இருந்தது. தன்னிடம் கண்டிப்பு, பிறரிடம் பொறுமை. இதில் என்ன குற்றம் இருக்க முடியும்?

2017-ல்தான் அந்தக் கேள்வி எனக்கு நிஜமாக வந்தது.

நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு கல்வி உதவித்தொகைக்கான இணைய விண்ணப்பத்தைச் செய்து கொடுத்தோம். அதில் கடைசித் தேதியைச் சரிபார்க்கும் நாலு வரியை எழுதியது நான். சர்வரிலிருந்து தேதியும் நேரமும் ஒரே சரமாக வரும், நடுவில் ஒரு இடைவெளி. அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கொடுத்துத் தேதியாக மாற்றிக்கொண்டேன். குரோமில் ஓடியது. ஃபயர்பாக்ஸில் ஓடியது. டெஸ்டிங் முடிந்தது, சைட் லைவ் ஆனது.

கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கரையான்சாவடியிலிருந்து ஒரு மாணவி. கரையான்சாவடி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். "சார், லாஸ்ட் டேட்டுக்கு மூணு நாள் முன்னாடியே அப்ளை பண்ணப் பார்த்தேன். க்ளோஸ்டுன்னு வந்துச்சு. என் ஃப்ரெண்டு அதுக்கப்புறம் அப்ளை பண்ணியிருக்கா. நான்தான் லேட் பண்ணிட்டேன்னு அப்பா திட்டறார். எனக்கு மட்டும் ஏன் அப்படி வந்துச்சுன்னு சொல்ல முடியுமா?" அவள் கையில் இருந்தது ஒரு பழைய ஐபோன். துபாயில் வேலை பார்க்கும் மாமா புதுசு வாங்கியதும் கொடுத்துவிட்டுப் போனது.

நடந்தது இதுதான். ஐஎஸ்ஓ தர வடிவப்படி தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் 'டி' என்ற ஆங்கில எழுத்து வர வேண்டும். என் சரத்தில் அங்கே இடைவெளி இருந்தது. தர வடிவத்தில் இல்லாத தேதியை என்ன செய்வது என்பதை ஜாவாஸ்கிரிப்ட்டின் விதிநூல் அந்தந்தப் பிரவுசரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. குரோம் என் தவறைப் பொறுத்துக்கொண்டது. அன்றைய சஃபாரி 'செல்லாத தேதி' என்றது. செல்லாத தேதியோடு எதை ஒப்பிட்டாலும் விடை 'இல்லை'தான். இன்றைய நாள் கடைசித் தேதிக்கு முன்னால் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் விண்ணப்பம் முடிந்தது என்று திரையில் காட்டு. அவள் அதே போனில் குரோமைப் போட்டுப் பார்த்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். ஐபோனில் எந்தப் பிரவுசரும் உள்ளே ஆப்பிளின் எஞ்ஜினில்தான் ஓட வேண்டும் என்பது அப்போதைய விதி.

ஆபீஸில் சொன்னபோது பக்கத்து சீட் நண்பன் சிரித்தான். "ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு எதுக்கு மச்சி ஸ்காலர்ஷிப்?" அந்த நகைச்சுவைக்குள் எங்கள் டெஸ்டிங் திட்டம் முழுதும் இருந்தது. யார் எந்தக் கருவியோடு வருவார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, அவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து பார்த்திருந்தோம்.

இதில் தவறு யாருடையது? சஃபாரியைக் குறை சொல்ல முடியாது, விதி அனுமதித்ததைத்தான் அது செய்தது. குரோமும் விதியை மீறவில்லை. தவறான சரத்தை எழுதியவன் நான். ஆனால் எனக்கு அது தவறு என்று யாரும் சொல்லவில்லை. குரோம் முதல் நாளே முகத்தில் அடித்தாற்போல மறுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருப்பேன். அது என்னிடம் காட்டிய கருணைக்கான விலையை, நான் பார்த்தேயிராத ஒரு பெண் கொடுத்தாள். பொறுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கும்போது நாம் இரண்டு பேரைத்தான் பார்க்கிறோம், தவறியவர் ஒருவர், பொறுப்பவர் ஒருவர். அந்தத் தவறு அடுத்துப் போய்ச் சேரும் மூன்றாம் ஆள் கணக்கில் வருவதே இல்லை.

தமிழ் இணையத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல. தொண்ணூறுகளின் கடைசியில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். ஒரு தளத்தின் எழுத்துருவை இறக்கிக்கொண்டால் அந்தத் தளம் தெரியும். பக்கத்துத் தளத்துக்குப் போனால் கோணல் மாணலாக ஐரோப்பிய எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். திஸ்கி ஒரு பக்கம்; 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியாக்கங்கள் இன்னொரு பக்கம். யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரண மேசைக்கணினியில் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது. அதுவரை எழுதியவர்கள் எல்லோரும் அவரவர் திரையில் சரியாகத்தான் எழுதினார்கள். 'எனக்குத் தெரியுதே' என்பது பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மைதான், எழுத்து என்பது எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்காக எழுதப்படுவது.

அப்படியானால் கறாராக இருப்பதுதான் அறமா? அதையும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். 2000-ல் வந்த எக்ஸ்ஹெச்டிஎம்எல், எக்ஸ்எம்எல்லின் கண்டிப்பை வலைக்குக் கொண்டுவந்தது. அதை முறைப்படி அனுப்பினால், ஒரே ஒரு குறி பிசகினாலும் பிரவுசர் பக்கத்தைக் காட்டாது. ஃபயர்பாக்ஸில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிழைச் செய்தி வரும். எழுதியவரின் தவறுக்கு வாசிக்க வந்தவருக்குத் தண்டனை. தாராளத்தில் விலை கொடுத்த அதே மூன்றாம் ஆள்தான் இங்கேயும் விலை கொடுக்கிறார். பெரும்பாலோர் எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்று பெயர் போட்டுக்கொண்டு பழைய ஹெச்டிஎம்எல்லாகவே அனுப்பிப் பிழைத்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ ஒன்பதாம் பதிப்பு வரும்வரை முறைப்படி அனுப்பிய பக்கத்தைத் திறக்கவே இல்லை.

மூன்றாவது வழி ஒன்று பிறகு வந்தது. இந்தத் துறையில் நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒழுக்கப் பாடம் அதுதான். 2004-ல் ஆப்பிள், மொசில்லா, ஓப்பரா ஆட்கள் சேர்ந்து தொடங்கிய குழு, பின்னால் ஹெச்டிஎம்எல்5 ஆன விதிநூலை எழுதியபோது, சரியான பக்கத்தை எப்படி வாசிப்பது என்பதோடு நிறுத்தவில்லை. தவறான பக்கத்தை எப்படி வாசிப்பது என்பதையும் படிப்படியாக எழுதினார்கள். மூடாத குறியை எங்கே மூட வேண்டும், தப்பான இடத்தில் வந்த எழுத்தை எங்கே நகர்த்த வேண்டும், எல்லாம். தவறு தவறுதான் என்றும் சொல்லும், ஆனால் அந்தத் தவறை எல்லாப் பிரவுசரும் ஒரே மாதிரி பொறுக்க வேண்டும் என்றும் சொல்லும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த தெளிவு இது. எழுதப்படாத மன்னிப்பு ஒரு சலுகை. கொடுப்பவரின் மனநிலை, கேட்பவரின் அதிர்ஷ்டம் இரண்டையும் பொறுத்தது அது. எழுதிவைத்து எல்லோருக்கும் பொதுவாக்கிய மன்னிப்பு ஓர் உரிமை. ரேஷன் கார்டில் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தால் ஒரு அதிகாரி "பரவால்ல, விடும்மா" என்பார், அடுத்தவர் அபிடவிட் கேட்பார். முதலாமவர் நல்லவர்தான். ஆனால் அவர் நல்லவராக இருப்பதாலேயே அந்தத் தவறு திருத்தப்படாமல் அடுத்த அலுவலகத்துக்குப் போகிறது. நம் ஊரில் நல்ல மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களின் நல்ல மனதைப் பொதுவிதியாக மாற்றுகிற வேலைக்குத்தான் ஆள் போதவில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். எல்லோரும் ஒரே பிரவுசரைப் பயன்படுத்திவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? அந்தத் திசையில்தான் போகிறோம். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த எஞ்ஜினைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் குரோமியத்தின் மேல் கட்டிய எட்ஜை வெளியிட்டது. ஆனால் ஒரே பிரவுசர் மிஞ்சினால் அது செய்வதெல்லாம் சரி என்றாகிவிடும். விதிநூலைத் திறந்து பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்காக மட்டுமே எழுதப்பட்ட பக்கங்களின் காலத்தில் அதைத்தான் பார்த்தோம். சஃபாரி மறுத்ததால்தான் என் வரியில் தவறு இருந்ததே எனக்குத் தெரிந்தது. இரண்டு பேர் முரண்படும்போதுதான் விதி என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது.

மேலிருந்து போடுகிற விதிக்கும் தனிச் சிக்கல் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. ஒலிபெயர்ப்பு முறையைப் பற்றி விமர்சனங்கள் எழுந்தன. ஆணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் பழைய எழுத்துக்கூட்டலோடு பாஸ்போர்ட்டும் பத்திரமும் வைத்திருப்பவர்களை விதி என்ன செய்யும் என்பதும் அந்த விதியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். ஹெச்டிஎம்எல்5 எழுதியவர்கள் ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான தவறான பக்கங்களை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். இருப்பவர்களை வெளியே தள்ளாமல் வரப்போகிறவர்களுக்கு ஒழுங்கு செய்வது மெதுவான, அலுப்பான வேலை.

அந்தத் திருத்தத்துக்கு எனக்கு ஒரு எழுத்து போதுமாக இருந்தது. இடைவெளியை எடுத்துவிட்டு 'டி' போட்டேன். மாணவிக்கு என்ன பதில் எழுதுவது என்று மேலாளரிடம் கேட்டேன். 'டெக்னிக்கல் இஷ்யூ' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். வருத்தம் தெரிவித்து இரண்டு வரி. விண்ணப்பத்தைத் திரும்பத் திறக்க முடியாது என்று உதவித்தொகை கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். அவளிடமிருந்து அதற்குப் பிறகு மின்னஞ்சல் வரவில்லை.

அவள் கேட்டது உதவித்தொகை அல்ல என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. எனக்கு மட்டும் ஏன் அப்படி வந்தது என்று கேட்டிருந்தாள். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நீ லேட் பண்ணவில்லை, நீ சரியான நாளில்தான் வந்தாய், தவறு நான் எழுதிய வரியில் இருந்தது. இதை அப்பாவிடம் காட்டலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். கம்பெனி அனுமதிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் கேட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

இப்போது என் மேசையில் ஒரு பழைய ஐபோனும், ரிச்சி தெருவில் வாங்கிய விலை மலிந்த ஆண்ட்ராய்டும் இருக்கின்றன. எதை எழுதினாலும் அந்த இரண்டிலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். கரையான்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸில் ஏறுகிற முகங்களைப் பார்ப்பேன். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்நேரம் படிப்பை முடித்திருப்பாள்.