திருநீறும் திலகமும்

திருவிழாக் காலத்தில் அதிகாலையில் நீராடி, தோய்த்துலர்ந்த ஆடை உடுத்து ஆலய வீதிக்கு வருகின்ற அடியவர்களின் நெற்றியைப் பார்த்தாலே அவர்கள் எந்த மூர்த்தியை வழிபடுகின்றவர்கள் என்பது தெரிந்துவிடும். சிவனடியார்கள் மூன்று குறியாகத் திருநீறு அணிவர். திருமாலடியார்கள் மேல்நோக்கித் திருமண் இடுவர். அந்த வெண்மண் பெருமாளின் திருவடிகளையும், நடுவே இடப்படும் சிவந்த ஸ்ரீசூர்ணம் திருமகளையும் குறிக்கும். தென்கலையார் மூக்கின் மேல் பாதம் வைத்து இடுவர்; வடகலையார் பாதமின்றி வளைத்து இடுவர். அம்பாளின் அருட்பிரசாதமாகிய குங்குமம் புருவ நடுவிலே விளங்கும். ஈழத்துச் சைவர்களிடம் இவற்றுக்குள்ளே பேதம் பாராட்டும் வழக்கம் அதிகம் இல்லை. வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கும் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் நேர்த்தி வைத்துப் போகின்றவர்களிற் பலர் சைவ வீட்டுப் பிள்ளைகளே.

இச்சின்னங்களுள் திருநீறு எதனால் ஆனது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்கினால் அதன் பொருள் தானே விளங்கும். பசுவின் சாணத்தை உருண்டையாக்கி, காயவைத்து, நெருப்பில் இட்டு நீற்றி எடுப்பது திருநீறு. பசு என்ற சொல் சைவ சித்தாந்தத்தில் உயிரைக் குறிக்கும். சாணமோ பசுவின் மலம். உயிரைப் பற்றியுள்ள ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலமும் சிவஞானமாகிய அக்கினியில் வெந்து வெண்மையாவதைக் கண்ணாற் காணும்படி ஆக்கியதே திருநீறு. விறகு எரியும், துணி எரியும், எரிக்கப்பட்ட உடம்பும் சாம்பராகும். சாம்பரை மறுபடி நெருப்பிலே போட்டால் அது வேறொன்றாக மாறுவதில்லை. இனி மாறுவதற்கு எதுவும் இல்லாத நிலைக்கு அது அடையாளம்.

மற்றவர் வெறுத்து ஒதுக்கும் பொருளிலிருந்தே இத்தூய பொருள் பிறக்கிறது என்பதும் சிந்திக்கத்தக்கது. கன்றோடு கூடிய நோயற்ற பசுவின் சாணத்தை நிலத்தில் விழுமுன் ஏந்தி, மந்திரம் சொல்லி, சிவாக்கினியில் இட்டு எடுப்பதைக் கற்பம் என்பர். அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என்பன அதற்கு அடுத்தவை. முன்னைய காலத்தில் பல வீடுகளில் சிவராத்திரி நாளிலே உமி மூட்டம் போட்டுத் திருநீறு எடுத்தார்கள். சுவரிலே பனையோலை விபூதிக் குட்டான் தொங்கும். இக்காலத்திலே கடையில் வாங்கும் வாசனைப் பொட்டலத்துக்குள் இருப்பது சாணத்தையே கண்டிராத பொடியாகவும் இருக்கலாம். வாங்குபவர் ஒருதரம் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

விபூதி, பசிதம், பஸ்மம், சாரம், இரட்சை என்று இதற்குப் பெயர்கள் பல. ஆறுமுக நாவலர் சைவச் சிறுவருக்காக எழுதிய சைவ வினாவிடையிலே இதற்கென்று ஓர் இயலையே ஒதுக்கினார். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கிய அவருடைய காலத்தில், நெற்றியிலே நீறு பூசிக்கொண்டு கல்வி கற்பதே ஒரு வைராக்கியமாய் இருந்தது. அதற்கும் முன்னர், போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை 1621இல் இடித்தபின், விரதச் சாப்பாடு உண்ட இலையைக்கூட வெளியே எறியாமல் கூரை இறப்பிலே செருகி மறைத்தார்கள் என்று பெரியோர் சொல்வதுண்டு. இலையையே மறைத்தவர்கள் நீற்றை எப்படி வெளியிலே காட்டியிருப்பார்கள்?

நீற்றை அணிதல் எளிது. நீறு அணிந்த இன்னொருவரைக் காணும்போது எப்படி நடப்பது என்பதே கடினம். பெரியபுராணம் இதனையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

சேரமான் பெருமாள் முடிசூடி, யானை மேலேறி நகர்வலம் வருகிறார். எதிரே உவர்மண் பொதி சுமந்து ஒரு வண்ணான் வருகிறான். மழையில் மண் கரைந்து வழிந்து, காய்ந்து, உடம்பெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அரசர் யானையினின்றும் இறங்கி அவனை விழுந்து வணங்குகிறார். அவன் நடுநடுங்கி, தான் அரசரின் அடிவண்ணான் என்கிறான். தாமும் அடிச்சேரனே என்று சொல்லி, திருநீற்று வேடத்தை அவன் நினைப்பித்ததாகக் கூறி, வருந்தாமற் போகும்படி அனுப்புகிறார் அரசர். அவன் உடம்பில் இருந்தது திருநீறுகூட அல்ல, வெறும் உவர்மண். கோயில் வாசலிலே ஒருவரின் கையில் நீற்றை வைத்துக் கொடுப்பதா, எட்டி நின்று போடுவதா என்று குலம் பார்த்த வழக்கம் இத்தேசத்தில் இருந்தது. அவ்வாறு பார்த்தவர்களும் சேரமான் பெருமாளின் குருபூசையைத் தவறாமற் செய்தார்கள்.

ஏனாதிநாத நாயனாரின் கதை இன்னும் கடினமானது. வாட்போரிலே அவரை வெல்ல மாட்டாத அதிசூரன், நெற்றியில் நீற்றைப் பூசி, அதனைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்து, வெட்டப்படும் தறுவாயிலே நெற்றியைக் காட்டினான். வாழ்நாளில் ஒருநாளும் நீறு பூசாதவன் அவன். நாயனார் போரை விட்டார். ஆனால் வாளைக் கீழே போடவில்லை. ஆயுதம் இல்லாதவரைக் கொன்ற பழி அவனைச் சேரக்கூடாது என்று, போர் செய்பவரைப் போல வாளும் கையுமாகவே நின்று உயிர் துறந்தார். இப்படியே எல்லாரும் நடக்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. அந்தச் சின்னத்தின் முன்னே ஒருவர் எவ்வளவு தூரம் பணிந்தார் என்பதே அங்கு காணத்தக்கது.

இனிப் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குக் கண்ணூறு படாதிருக்கத் தாய் கறுத்தப் பொட்டு வைக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பொட்டு வைத்துத்தான் போகிறாள். கல்யாணத்துக்கு முன்னரே, தாய் கையால் வந்த அந்தப் பொட்டைக் கணவன் இறந்த அன்று அழிக்கிறார்கள். கணவன் தந்தது தாலி. பொட்டு அவர் தந்ததன்று. அம்பாள் பிரசாதமாகிய குங்குமத்தட்டம் வரும்போது அந்தப் பெண் தானாகவே பின்வரிசைக்கு ஒதுங்குகிறாள். சில இடங்களில் மற்றவர்கள் ஒதுங்கச் செய்கிறார்கள்.

1983 தொடக்கம் 2009 வரை நடந்த யுத்தத்தின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் இது ஒரு வீட்டின் துக்கமாக மட்டும் இருக்கவில்லை. இளம் வயதிலேயே துணையை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர்கள் பலர். காணாமற்போன கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல், பொட்டை வைத்தால் ஊர் ஒன்று சொல்லும், அழித்தால் மனம் கேளாது என்று கண்ணாடியின் முன் நின்ற பெண்களும் உளர். அவர்களும் இவ்வீதிகளிலேதான் கற்பூரச் சட்டி ஏந்தினார்கள், அடியழித்தார்கள். அம்பாளின் சந்நிதியில் அவர்களுக்கு ஒரு துளி குங்குமம் இல்லை என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

இவ்விடத்திலே திருவாமூரில் பிறந்த திலகவதியாரை நினையாமல் இருக்க முடியாது. பெயரிலேயே திலகத்தைக் கொண்டவர். கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். தந்தையார் நோயுற்று இறக்க, தாயாரும் உடன் உயிர் துறந்தார். போருக்குச் சென்ற கலிப்பகையாரும் அங்கேயே மாண்டார் என்று செய்தி வந்தது. தாமும் உயிர் விடத் துணிந்தவர், தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து அழுததனால், அவருக்காகவே உயிர் தாங்கினார். மணமாலை சூடாதவர், போர் பறித்த வாழ்வு அவருடையது.

தம்பி சமணம் சார்ந்து தருமசேனர் ஆனார். திலகவதியார் திருவதிகைக்குச் சென்று, வீரட்டானேசுவரர் கோயிலிலே அலகிட்டும் மெழுகியும் பூத்தொடுத்தும் தொண்டு செய்திருந்தார். தம்பியைச் சூலை நோய் பற்றியது. மணி, மந்திரம், மருந்து ஒன்றும் பலிக்கவில்லை. வேறு கதியின்றி, ஒருவருமறியாமல் இரவோடிரவாகத் தமக்கையாரின் மடத்து வாசலிலே வந்து விழுந்தார்.

திலகவதியார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எத்தனை ஆண்டு தனிமையில் இருந்தார் என்று கணக்குச் சொல்லவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றை எடுத்துக் கொடுத்தார். தம்பியார் பணிந்து வாங்கி உடம்பு முழுவதும் பூசினார். திருநாவுக்கரசராக ஆகப்போகின்றவரின் கையில் முதலில் விழுந்த நீறு, குருக்கள் கையால் வந்ததன்று; போரிலே துணையை இழந்த ஒரு பெண்ணின் கையால் வந்தது. ஊரார் அவரைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தால் அந்த நீற்றை யார் கொடுத்திருப்பார்?

பின்னர், திருப்பள்ளியெழுச்சிக்கு நேரமாயிற்று என்று திருவலகையும், மெழுகுவதற்குச் சாணத்தையும், நீர் எடுக்கத் தோண்டியையும் தூக்கிக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு இருள் விலகுமுன் கோயிலுக்கு நடந்தார் திலகவதியார்.