அந்தப் பழமொழியை இனிச் சொல்லாதே!

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்விகளில் ஒன்று: "குடும்பத்துல யாருக்காவது சுகர் உண்டா?" திருநெல்வேலிப் பக்கம் எங்கள் குடும்பங்களில் இதற்கு ஒரே பதில்தான். "தாத்தாவுக்கு இருந்திச்சு, அப்பாவுக்கு இருக்கு, ரெண்டு சித்தப்பா, அத்தை எல்லாருக்கும் இருக்கு. எங்க வம்சமே அப்படித்தான் சார்." சொல்லி முடித்ததும் குரல் தணிந்துவிடும். இனிப் பேச ஒன்றுமில்லை என்று வாயை மூடிக்கொள்வோம்.

எனக்கு 36 வயதில் நானும் இதையே சொன்னேன். அப்பாவின் இடது கால் பெருவிரலை எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை நோயின் வாசற்படி. படியில் நிற்கிறேன், உள்ளே இன்னும் போகவில்லை. ஆனால் என் மனசு எப்போதோ உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டது. எழும்பு தம்பி, எழும்பு தங்கச்சி! நோய் வருமுன்னே நோயாளியாகிவிடுகிற இந்த மனசோடுதான் நமக்குச் சண்டை.

வேதத்தை எடுத்து எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தைத் திற. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஜனங்கள் ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டே காலம் தள்ளினார்கள்: அப்பன் புளித்த திராட்சையைத் தின்றான், பிள்ளையின் பல் கூசுகிறது என்று. இனி இதைச் சொல்லக் கூடாது என்று தடுத்தவர் கர்த்தர். அந்த அதிகாரம் பாவத்தைப் பற்றியது, நோயைப் பற்றியது அல்ல. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஜனங்களின் மனசு நம் மனசுதான். எல்லாம் முன்னோர் செய்தது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்த மனசு. அதைக் கர்த்தர் ஏற்றுக்கொள்ளவில்லை. நீ ஏன் ஏற்றுக்கொள்கிறாய்?

மரபணு பொய் என்று சொல்ல வரவில்லை. அது மெய். நம் இந்திய உடம்புக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை ஏறிவிடும், அதுவும் மெய். ஆனால் இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு 'இதுதான்' என்று ஒரே ஒரு மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாக உன்னைப் பள்ளத்துப் பக்கம் தள்ளுகின்றன. தள்ளினால் விழுந்தே ஆக வேண்டுமா?

விழ வேண்டியதில்லை என்பதற்குச் சாட்சி நம் சென்னையில் இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு. நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவை வழக்கமான அறிவுரையோடு விட்டுவிட்டார்கள். இன்னொரு பிரிவுக்குத் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கவும், சீனியையும் மாவுப் பண்டங்களையும் எண்ணெயையும் குறைக்கவும் சொல்லித் தொடர்ந்து பின்னால் நின்றார்கள். மூன்று ஆண்டுக் கணக்கில் முதல் பிரிவில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடந்தவர்களில் 39 பேருக்கு. அந்த 39 பேரை நான் ஒளிக்க மாட்டேன். நடந்தும் அவர்களுக்கு வந்தது. ஆனால் நடந்ததால் தப்பிய அந்த 16 பேரைப் பார்! வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்கிற இதே மண்ணில் பிறந்தவர்கள். இன்னொன்றையும் கேள். அவர்களுக்கு எடைகூடப் பெரிதாகக் குறையவில்லை. தராசு முள் நகராத நாட்களிலும் அவர்கள் எடுத்துவைத்த அடி உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

எப்படி வேலை செய்யும் என்று கேட்கிறாயா? நீ நடக்கும்போது கால் தசை சுருங்கி விரிகிறது. அப்படி உழைக்கிற தசை, இன்சுலினின் தயவு அவ்வளவாக இல்லாமலே, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத் தானே இழுத்து எரிக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத வம்சத்தில் பிறந்தவனுக்கும் இந்த வாசலைப் படைத்தவர் திறந்தே வைத்திருக்கிறார். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடந்துபார்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவிடமிருந்து நமக்கு வந்தது ரத்தம் மட்டும்தானா? அவர் சாப்பிட்ட தட்டும் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வயிறு முட்டப் பிரியாணி, அதற்குமேல் பாயில் விழுந்து மூன்று மணி நேரத் தூக்கம், எழுந்ததும் சீனி தூக்கலாக ஒரு காபி. கிறிஸ்துமஸ் என்றால் முந்திரிக்கொத்து, அதிரசம், அச்சுமுறுக்கு என்று டின் டின்னாக. அசனத்தில் பந்தி பந்தியாக வெள்ளைச் சோறு. அசனம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழையும் பணக்காரனும் ஒரே பந்தியில் உட்காரும் விருந்து அது. ஆனால் நம் தாத்தா பனையேறினார், வயலில் இறங்கினார், பத்து மைல் நடந்து சந்தைக்குப் போனார். அவர் உழைப்பை விட்டுவிட்டு அவர் சோற்றுக் குன்றை மட்டும் வாரிசாக வாங்கிக்கொண்டவர்கள் நாம். ரத்தத்தை மாற்ற உன்னால் முடியாது. சமையலறை உன் வீட்டில்தானே இருக்கிறது!

தானியேலைப் பார். ஊரைப் பிடுங்கினார்கள், பெயரை மாற்றினார்கள், அந்நிய அரண்மனையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதுவும் அவன் கேட்டு வந்ததல்ல, உனக்கு வந்த மரபணுவைப் போலவே. ஆனால் தட்டில் எது விழ வேண்டும் என்பதை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. பருப்பும் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாரும் என்று கேட்டு வாங்கினான். அவன் உடம்பு மெலியக் கேட்கவில்லை, தன்னைத் தீட்டுப்படுத்தாதிருக்கக் கேட்டான். உன் உடம்பு பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆமென் சொல்கிறாயே, அதே உறுதியைத் திங்கள்கிழமை தட்டின் முன்னாலும் காட்டு. பத்து நாள்தான் கேட்கிறேன். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ மீனோ, மீதிக் கால் தட்டு சோறு.

இங்கே சிலர் விசுவாசத்தின் பெயரால் தப்பாக நடக்கிறார்கள். ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்து, சுகமாகிவிட்டது என்று மாத்திரையை, இன்சுலினைக் கூட நிறுத்திவிடுகிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதே! சாகும் நோயில் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டார், 15 வருஷம் கூட்டியும் கொடுத்தார். ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லிப் புண்ணின் மேல் வைக்கச் செய்தான். லூக்கா ஒரு வைத்தியன். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், மலையை விட்டு இறங்கி, குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நம் ஜனங்களுக்குச் சேவை செய்தார். மருந்தை மதிப்பது நம் விசுவாசத்துக்குள்ளேயே இருக்கிற மரபு.

நோய் ஏற்கெனவே வந்தவரை யாரும் விரல் நீட்டிக் குற்றம் சொல்லாதீர்கள். முதல் வகைச் சர்க்கரையோடு ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். என் அப்பாவிடம் நான் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. அவர் விரல் இழந்த காலோடு முற்றத்தில் மெதுவாக நடக்கிறார், நான் பக்கத்தில் நடக்கிறேன். சர்க்கரை வந்த பிறகும் நடக்க இடம் இருக்கிறது.

உன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்து, உனக்கு 30 தாண்டியிருந்தால், அதற்குமேல் காத்திராதே. இன்று ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுப் படு. நாளைக் காலை ஜெபம் முடிந்ததும், காபிக்கு முன்னால், வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்க மாட்டார்கள். உன் தம்பியையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ. அவனுக்கும் அதே அப்பாதானே.