கண்டவருக்கு உரிமை உண்டா?

அறிவு அறிந்தவருக்குச் சொந்தமா, எல்லாருக்கும் பொதுவா? மெய்யியலின் இந்தப் பழைய கேள்விக்கு வானியலாளர்கள் நடைமுறையிலேயே ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அது ஒரு குறியீட்டில் அடங்கியிருக்கிறது.

096.C-0082. சிலியில் தொலைநோக்கிகளை இயக்கும் ஐரோப்பியத் தென்வான ஆய்வகம் ஒரு குழுவின் திட்டத்துக்குக் கொடுத்த எண் இது. அப்போது ஆண்டுக்கு இரண்டு பருவங்கள்; 96-ஆவது பருவம் 2015 அக்டோபரில் தொடங்கி 2016 மார்ச்சில் முடிந்தது. அன்றைய முறையில் C என்பது விண்மீன் பிறப்பும் கோள் மண்டலங்களும் அடங்கிய துறையைக் குறித்தது, அண்டவியலுக்கு A. மிச்சமிருப்பது திட்டத்தின் எண். விண்ணப்பித்தவர் யார், எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கு அதில் இடமே இல்லை.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான புராக்சிமா சென்டாரியை அந்த ஆய்வகத்தின் லா சில்யா தளத்திலிருந்து 2016-இன் தொடக்க மாதங்களில் இரவுதோறும் அளந்த திட்டம் அது. சுமார் 11.2 நாளில் சுற்றிவரும் ஒரு கோள் உறுதியானது; அறிவிப்பு அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. ஆனால் 2000 முதலே வெவ்வேறு திட்டங்களில் சேர்ந்த அளவீடுகளும் அந்த முடிவுக்குத் துணை நின்றன. அவற்றை எடுத்தவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு கோளை நினைத்திருப்பார்கள்? பார்த்தவரின் நோக்கத்தைத் தாண்டியும் பார்வைக்குப் பயன் உண்டு. குறியீடு இல்லையென்றால் அந்தக் கடனை யாருக்குச் செலுத்துவது என்றே தெரியாமல் போயிருக்கும்.

பெயரை மறைப்பது நீதிக்கும் உதவியிருக்கிறது. ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பங்களில், பல சுற்றுகளாக ஆண்கள் தலைமையேற்றவையே கூடுதல் விகிதத்தில் வென்றுவந்தன. 2018-இல் விண்ணப்பித்தவர் பெயரை மதிப்பிடுவோரிடமிருந்து முழுவதும் மறைத்தார்கள். அந்தச் சுற்றில் பெண்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. ஒரே சுற்றை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. என்றாலும் தகுதியைப் பெயரிலிருந்து பிரித்துப் பார்ப்பது கைகூடும் காரியம்தான் என்று அது காட்டியது.

சரி, உரிமை? ஐரோப்பியத் தென்வான ஆய்வகத்தின் பெரும்பாலான திட்டங்களில் தரவு ஓராண்டு வரை விண்ணப்பித்த குழுவிடம் மட்டும் இருக்கும். பிறகு காப்பகத்தில் எவருக்கும் திறந்துவிடப்படும். அந்த ஓராண்டும் வேண்டாம், உடனே திறக்க வேண்டும் என்போர் உண்டு. 1995 டிசம்பரில் ஹப்பிள் வானத்தின் ஒரு சிறு துண்டைப் பத்து நாள் உற்று நோக்கிய 6337 எண் திட்டத்தில் அப்படித்தான் நடந்தது. ஹப்பிள் ஆய்வுகளை நடத்திய நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் வில்லியம்ஸ், இயக்குநராகத் தமக்குரிய நேரத்தை அதற்குக் கொடுத்தார். அடுத்த மாதமே படங்கள் உலகுக்குப் பொதுவாயின.

ஆனால் எல்லாரும் இயக்குநர்கள் அல்லர். முதல் ஆய்வேட்டை எழுதும் மாணவிக்கு, ஆள்பலம் மிக்க பெரிய குழுக்கள் முந்திக்கொள்ளாதபடி ஓராண்டு அவகாசம் தேவை. அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது.