வண்டின் வினையும் உழவன் வினையும்

கல்வராயன் மலையில் பிறந்து கோமுகி அணையில் தங்கி இறங்கும் நீரால் விளைகின்ற கள்ளக்குறிச்சி வயல்களில், நெல்லின் இலையை மடித்து நூலால் தைத்து, அதனுள் பதுங்கியிருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும் இலைச்சுருட்டுப் புழுவை, மருந்து என்று நாம் மங்கலமாகப் பெயரிட்டிருக்கும் விஷத்தைத் தெளிக்காமலே அடக்கவும் வழியுண்டு. செம்பழுப்பு உடலும் கருந்தலையும் கொண்ட தரை வண்டு அந்த மடிப்புக்குள்ளேயே புகுந்து, நாளொன்றுக்கு 3 முதல் 5 புழுக்கள் வரை தின்றுவிடும். உழவனுடைய கை சுத்தம். மனமும் அவ்வாறுதானா?

இவ்வட்டாரத்துக்கு இது அந்நியமான வினா அன்று. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டைக் குன்றில் பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கிறார். அவரை வணங்கும் தமிழ்ச் சமணரிற் பலர் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள். அவர்களுடைய சாஸ்திரம் இல்லறத்தானின் ஹிம்சையை நான்காகப் பகுத்து, கொல்லும் சங்கற்பத்தோடு செய்வதை அறவே விலக்கி, தொழிலில் தவிர்க்கவொண்ணாது நேர்வதைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. புழுவைத் தின்னட்டும் என்றே வண்டைப் பேணுகிறவனை எந்த வகுப்பில் வைப்பது? “தின்றது வண்டு; நான் என்ன செய்தேன்?” என்பானாயின், கொன்றவன் வேறு, நான் விலைக்கு வாங்கித் தின்றவனே என்று ஊனுண்பவன் கூறும் சமாதானத்துக்கும் அதற்கும் பேதமில்லை, அச்சமாதானத்தை வள்ளுவர் ஏற்கவில்லை. உழவனும் கர்த்தாவே என்பதுதான் என் துணிபு.

ஆயினும் விஷமும் வண்டும் ஒன்றல்ல. விஷத்துக்குப் பசியில்லை, ஆகவே நிறைவும் இல்லை. வண்டுக்கோ நாளையும் இரை வேண்டும், புழு அடியோடு ஒழிந்தால் அதுவும் அவ்வயலை விட்டுப் பெயர்ந்துவிடும். ஆதலால் வண்டை நம்பியவன் புழுவையும் ஓரளவு வாழவிட வேண்டியவனாகிறான். பயிர் வளரும் பருவத்தில் நூற்றுக்கு 10 இலையும், பூக்கும் பருவத்தில் நூற்றுக்கு 5 கண்ணாடி இலையும் சேதமுறும் வரையில் மருந்தடிக்க வேண்டியதில்லை என்று வேளாண் நூலோர் வரையறுத்தது செலவு வரவுக் கணக்கினால்தான். எனக்கென்னவோ, பகைவனுக்கென்று அளந்து விட்ட பங்காகவே அது தோன்றுகிறது.

வண்டின் குஞ்சு கூட்டுப்புழுவாய் உறங்குமிடம் வரப்பு மண். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள், வயல்வழியே போனால் நீர்க்கரையில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடுமே என்று கலங்கினார். அவர் அஞ்சியது காலடிக்கு. நடவுக்கு முன் அண்டை வெட்டுகிறவன், தான் பேண நினைத்த வண்டின் கூட்டையே மண்வெட்டியால் பிளந்துவிட்டாலும், சேற்றோடு சேறாக அதை வரப்பின்மேல் பூசிவிட்டு அடுத்த வரப்புக்குப் போய்விடுகிறான்.