ஏற்பதும் முயல்வதும்

ஒருவரை உள்ளபடியே ஏற்றுக்கொள்வது அன்பா? அல்லது அவரிடமுள்ள குறையைப் போக்க அயராது பாடுபடுவது அன்பா? பெரும்பாலோரின் வாழ்வில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுவதில்லை. நண்பரின் குறையைச் சில வேளை பொறுத்துக்கொள்கிறோம், சில வேளை திருத்த முயல்கிறோம். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக நினைப்பதில்லை. ஆனால் செவிப்புலன் குறைந்த ஒரு குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு இது நூலில் படித்து மூடிவைக்கும் கேள்வி அன்று. ஒவ்வொரு நாள் காலையிலும் குழந்தையின் காதில் கருவியைப் பொருத்தும்போதே அது எழுந்துவிடுகிறது.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர், கேட்கும் திறன் உள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே அந்தப் பெற்றோருக்கு முன்னனுபவம் எதுவும் இருப்பதில்லை. தாங்கள் அறியாத ஓர் உலகில் வாழும் குழந்தைக்காக, அது தன் விருப்பத்தைச் சொல்லும் வயதை எட்டுமுன்பே, அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

சரத் காலத்தின் பரபரப்பு

மைசூரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பெற்றோர், பத்து வயது மகன், மூன்றரை வயது மகள், தந்தையின் தாய் என ஐவர். மகளுக்குப் பிறவியிலிருந்தே இரு செவிகளிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. ஓராண்டுக்கு முன் ஒரு செவியில் அறுவை சிகிச்சை செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தியிருக்கிறார்கள். மற்றொரு செவியில் சாதாரணச் செவித்துணைக் கருவி இருக்கிறது. 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் அந்நகரிலேயே இருப்பது அவர்களுக்கு வாய்த்த நல்லூழ். பிற ஊர்களில் இருப்போர் இத்தகைய உதவிக்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டும்.

மழை ஓய்ந்து வானம் தெளியும் சரத் காலம் அக்குடும்பத்திற்கு ஓய்வு தருவதில்லை. குழந்தை வளர வளரக் காதும் வளர்கிறது. பழைய காது அச்சு தளர்ந்து கருவி கீச்சென்று ஒலிக்கிறது. புதிய அச்சு எடுக்க வேண்டும். காற்றின் ஈரம் கருவியைக் கெடுக்காதிருக்க, இரவுதோறும் ஈரம் உறிஞ்சும் பொருள் இட்ட டப்பாவில் அதை வைக்க வேண்டும். இம்ப்ளான்டின் மின்னளவுகளைச் சீர்செய்யக் குறித்த நாளில் செல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி நாள்தோறும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான தாள்கள் காத்திருக்கின்றன. மகனுக்கு அரையாண்டுத் தேர்வு. இவற்றினிடையே தசரா வருகிறது. பாட்டி கொலுப்படி கட்டுகிறார். உறவினர்கள் வரத் தொடங்குகிறார்கள்.

ஒரு மாலை, குழந்தை கொலுப்படியிலிருந்து யானைப் பொம்மையை எடுத்துக்கொண்டு தாயிடம் ஓடிவருகிறாள். தாய் தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "இது என்ன? சொல்லு" என்று கேட்கிறாள். உதட்டைப் பாராமல் காதால் கேட்கப் பழக்கும் முறை அது. குழந்தை தனக்குத் தெரிந்தவாறு ஏதோ ஒலிக்கிறாள். தாய் திருத்துகிறாள். மீண்டும் ஒலிக்கிறாள், மீண்டும் திருத்தம். மூன்றாம் முறை குழந்தை பொம்மையைப் படியிலேயே வைத்துவிட்டு விலகிப் போகிறாள்.

தாய் செய்ததில் தவறென்று சொல்ல எதுவுமில்லை. கிடைக்கும் ஒவ்வொரு தருணத்தையும் மொழிப்பயிற்சி ஆக்குங்கள் என்பதே அவளுக்குக் கற்பிக்கப்பட்டது; அது நல்ல அறிவுரையும்கூட. எனினும் குழந்தை கொண்டுவந்தது ஒரு மகிழ்ச்சியை. திரும்பப் பெற்றது ஒரு தேர்வை.

முயற்சியைக் கைவிடலாமா?

அப்படியானால் பயிற்சியைத் தளர்த்திவிடலாமா? கூடாது. பிறந்து 1 மாதத்திற்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்திற்குள் உதவியைத் தொடங்குதல் என்று மருத்துவ உலகம் வரையறுத்திருப்பது காரணமின்றி அன்று. மூளை மொழியை எளிதில் ஏற்கும் காலம் வாழ்வின் முதற்சில ஆண்டுகளே. இம்ப்ளான்ட் மூக்குக்கண்ணாடியைப் போன்றது அன்று. அணிந்தவுடன் எல்லாம் தெளிவாகிவிடாது. அது செவி நரம்பை மின்துடிப்புகளால் தூண்டுகிறது. அத்துடிப்புகளுக்குப் பொருள் காண மூளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டும். இந்நிலையில், "விதிப்படி நடக்கட்டும்" என்று வாளாவிருப்பதற்கு ஏற்றுக்கொள்ளுதல் என்று பெயரிடலாகாது. அது கடமையைக் கைவிடுதல்.

விழாவுக்கு வரும் உறவினர் சிலர், "என்ன வினையோ, இக்குழந்தைக்கு இப்படி" என்று பெருமூச்சு விடுவதுண்டு. மரபணுக் காரணங்கள், கருவுற்ற காலத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா போன்ற நோய்த்தொற்றுகள், குறைப்பிரசவம், பிறந்தவுடன் வரும் கடும் மஞ்சள்காமாலை ஆகியவை செவிப்புலன் குறைவுக்கு மருத்துவம் அறிந்த காரணங்கள். வினைக் கொள்கை, மனிதன் தன் இன்றைய செயலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்று உணர்த்த எழுந்தது. பிறருடைய துன்பத்திற்குத் தீர்ப்பு வழங்க அதைப் பயன்படுத்துபவர் அக்கொள்கையின் கருத்தையே தலைகீழாக்குகிறார்.

சொல் என்பது ஒலிதானா?

பெற்றோரின் அச்சத்திற்கு ஆழமான மற்றொரு வேர் உண்டு. பேச்சு வராவிட்டால் அறிவும் வளராதோ என்பது அது. இது பழைய அச்சம். அறிவு வளர்ச்சிக்குச் செவியே மிகுதியாக உதவுகிறது என்றும், பிறவிச் செவிடரைவிடப் பிறவிக் குருடர் அறிவில் மேம்படுவர் என்றும் அரிஸ்டாட்டில் கருதினார். சொல் காதால் கேட்கப்படுவது என்பதே அவருடைய காரணம்.

பாரத மரபில் இலக்கணத் தத்துவ அறிஞரான பர்த்ருஹரி, 'வாக்யபதீயம்' என்ற நூலில் வேறொரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். காதில் விழும் ஒலி வேறு, அது த்வனி. பொருளை விளக்கும் சொல்லின் உண்மை வடிவம் வேறு, அது ஸ்போடம். ஒலி வெளிப்படுத்துவது, சொல் வெளிப்படுவது. சொல்லின் தொடர்பின்றி அறிவு இல்லை என்று கூறியவரும் அவரே. சைகை மொழியைப் பற்றி அவர் ஆராயவில்லை. ஆயினும் அவருடைய வேறுபாடு இங்கு ஒளி தருகிறது. குழந்தைக்கு மொழி இன்றியமையாதது. ஆனால் மொழியும் ஒலியும் ஒன்றல்ல.

இவ்வுண்மையை உலகம் தாமதமாகவே கண்டது. 1880-இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் கல்வியில் சைகையை விலக்கிப் பேச்சு முறையையே வலியுறுத்தியது. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க அறிஞர், சைகை மொழிக்கும் பேச்சு மொழியைப் போன்ற உள்ளமைப்பு உண்டென்று காட்டினார். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு மரபினர் மிலான் தீர்மானங்களை மறுத்தனர். நம் நாட்டில் இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015-இல் புதுதில்லியில் நிறுவப்பட்டது. அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது.

பேச்சா, சைகையா, இரண்டுமா என்பதில் வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் அறிந்தே அதை முடிவுசெய்ய வேண்டும். ஆனால் ஒன்று தெளிவு. மைசூர்க் குடும்பத்தில் இரவு உறங்கும்போதும் நீராடும்போதும் கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். அப்போது அக்குழந்தை மீண்டும் நிசப்தத்தில் இருக்கிறாள். கருவியின் வழியாக மட்டுமே அவளுடன் உறவாட வீட்டார் அறிந்திருந்தால், அந்த நேரங்களில் அவள் தனித்துவிடுகிறாள். முகக்குறிப்பும் தொடுகையும் சில கையசைவுகளும் அறிந்த வீட்டில் அவள் தனித்திருப்பதில்லை.

முயற்சி எதை நோக்கியது?

இப்போது முதற்கேள்விக்குத் திரும்பலாம். ஏற்பதும் முயல்வதும் முரண்பட்டவை போலத் தோன்றுவதற்குக் காரணம், இரண்டும் ஒரே பொருளை நோக்கியவை என்று நாம் எண்ணுவதே. முயற்சி தடையை நோக்கியது. ஏற்பு குழந்தையை நோக்கியது. தடையோடு போராடுகிறோம், குழந்தையோடு போராடுவதில்லை. இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பும்போதுதான் யானைப் பொம்மை தேர்வுத்தாளாகிறது.

மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளாமல் அவனையே நோக்கமாகவும் கொள்ள வேண்டும் என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் வலியுறுத்தினார். பெற்றோர் குழந்தையைத் தன்னலத்திற்குப் பயன்படுத்துவதில்லை. ஆனால் தங்கள் அச்சத்தைத் தணித்துக்கொள்ளும் வழியாக அவளுடைய முன்னேற்றத்தை மாற்றிவிடக்கூடும். இன்று எத்தனை சொல் சொன்னாள் என்ற கணக்கே அன்றைய வீட்டின் மகிழ்ச்சியை முடிவுசெய்யுமானால், அந்தச் சுமையைத் தாங்குவது மூன்றரை வயதுக் குழந்தை.

கீதை போதிக்கும் கர்மயோகம் இங்கு அடுக்களைக்கும் கூடத்திற்கும் உரிய சாதனையாகிறது. பயனில் பற்றை விடுதல் என்பது பயனைப் பற்றிக் கவலையற்று அரைகுறையாகச் செயல்படுதல் அன்று. முழுத்திறனோடு பயிற்றுவித்து, அதன் விளைவைக் குழந்தையின் மதிப்புக்கு அளவுகோலாக்காதிருத்தலே அது.

இதை வீட்டார் தமக்குத் தாமே சோதித்துக்கொள்ள மூன்று கேள்விகள் உதவும். நாளில் ஒரு சிறு நேரமேனும், அக்குழந்தை எதையும் நிரூபிக்கத் தேவையின்றி நம்முடன் இருக்கிறாளா? விளைவு எதிர்பார்த்ததில் பாதியே ஆனாலும், வீட்டில் அவளுடைய இடம் முழுமையாக இருக்குமா? நம் மொழியை அவள் கற்பதற்காக உழைக்கும் நாம், அவளை எட்டுவதற்காக ஏதேனும் கற்றிருக்கிறோமா? மூன்றாம் கேள்வி பாட்டிக்கும் அண்ணனுக்கும்கூட உரியது. தேர்வு எழுதிவிட்டு வரும் அண்ணனையும் யாரேனும் ஒருவர் அமர்ந்து விசாரிக்க வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்; ஒரு குழந்தையின் தேவை மிகுந்த வீட்டில் மற்றக் குழந்தை ஓசையின்றிப் பொறுத்துக்கொள்கிறது.

பெற்றோர் குழந்தையின் எதிர்காலத்திற்கு உரிமையாளர் அல்லர், அறங்காவலர். இன்று அவளுக்காக அவர்கள் முடிவெடுக்கிறார்கள். இருபது வயதில் அவள் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்வாள். கருவியை அணிந்து பேச்சுலகில் வாழ விரும்பலாம்; சைகை பேசுவோரின் சமூகத்தைத் தன் இல்லமாகக் கருதலாம்; இரண்டிலும் கால்பதிக்கலாம். அன்று அவள் பெற்றோருக்கு மாறான கருத்தையும் அவர்களிடம் தயக்கமின்றித் தெரிவிக்கக்கூடியவளாக இருக்க வேண்டும். அதற்கு அவளுக்கு ஒரு மொழி தேவை. ஆகவே முயற்சி தேவை. சொல்வதைக் கேட்க அவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையும் தேவை. அந்த நம்பிக்கையை எந்தப் பயிற்சியும் பின்னாளில் ஊட்ட முடியாது. பரபரப்பு மிகுந்த இந்த நாட்களிலேயே அது வேரூன்ற வேண்டும்.